வானத்தைப் பற்றிய பொய்யும் வாய் திறவாத கற்றோரும்

2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் திகதி டித்வாப் புயல் இலங்கைக் கரையைத் தொட்டது. மாத்தளை மலைப்பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டிய இடமும் உண்டு. மலைச்சரிவுகள் குடியிருப்புகளின் மேல் சரிந்தன. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தகைய அழிவு ஒவ்வொன்றின் பின்னும் எம்மவர் கைத்தொலைபேசிகளில் காணொளிகள் வந்து குவிகின்றன. "இது இயற்கையன்று, அலாஸ்காவிலுள்ள ஹார்ப் நிலையத்திலிருந்து ஏவப்பட்ட ஆயுதம்" என்று ஒரு குரல் முழங்கும். "காலநிலை மாற்றமென்பது மேல்நாட்டார் கட்டிய கதை" என்று மற்றொரு குரல் உரைக்கும். 2015இல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நாசாவின் பெயரால் ஒரு பொய் எச்சரிக்கை ஊரெல்லாம் ஓடியதை மறந்தோமா?

ஹார்ப் நிலையம் ஆராய்வது அயன்மண்டலத்தை. அது தரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றருக்கு மேலே தொடங்குவது. எமது மழையும் புயலும் பிறக்கும் மாறன்மண்டலமோ, இப்பகுதியில் 18 கிலோமீற்றரளவிலேயே முடிந்துவிடும். மேல்மாடியில் விளக்கேற்றிக் கீழ்வீட்டு அடுப்பில் உலை வைத்தவர் எவருமுண்டோ? செயற்கை மழையைச் சான்று காட்டுவாரும் உளர். 2019 மார்ச்சில் மவுசாக்கலை நீர்த்தேக்கப் பகுதியில் அதனை நம் நாட்டவரே செய்து பார்த்தனர். இருக்கின்ற முகிலிலிருந்து சற்றே கூடுதலான மழையைப் பெற முயலலாம். முகிலையோ புயலையோ படைக்க முடியாது.

புவி வெப்பமடைதல் நேற்றுக் கட்டிய கதையுமன்று. காற்றிற் காபனீரொட்சைட்டுப் பெருகினால் புவி சூடேறுமென்று சுவீடன் நாட்டு அறீனியசு 1896இலேயே கணித்தெழுதினார். ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சத்தில் 315 பங்களவாக இருந்த அவ்வாயு, இன்று 420ஐத் தாண்டி நிற்கிறது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். தாங்கியதைக் கொட்டவுஞ் செய்யும்.

இப்பொய்யால் ஆதாயம் யாருக்கு? பார்ப்போர் பெருகப் பெருக விளம்பரப் பணம் பெறுவோருக்கு முதலாவது. காலநிலை மாற்றத்தை மறுக்கும் காணொளிகளுக்கு விளம்பர வருவாய் இல்லையென்று யூரியூப்பை நடத்தும் கூகிள் நிறுவனம் 2021 அக்டோபரில் அறிவித்தது. மறுப்பாளரோ வேடத்தை மாற்றிக் கொண்டனர். 12,058 காணொளிகளை ஆராய்ந்து 2024 சனவரியில் வெளிவந்த ஓர் அறிக்கை, 2023இன் மறுப்புரைகளில் 70 விழுக்காடு "வெப்பம் ஏறவில்லை" என்னும் பழைய பாட்டன்று. "தீங்கில்லை, தீர்வு பயனற்றது, விஞ்ஞானிகள் நம்பத்தகாதவர்" என்னும் புதிய பாட்டு என்று காட்டிற்று.

இரண்டாவது ஆதாயம் ஆளுவோருக்கு. குற்றவாளி அலாஸ்காவில் இருப்பானாயின், கொழும்பிலுள்ள அமைச்சரை யார் கேள்வி கேட்பார்? குளத்துக் கட்டு ஏன் பலப்படுத்தப்படவில்லை, சரிவில் வாழ்ந்தோர் ஏன் முன்கூட்டி அகற்றப்படவில்லை என்ற வினாக்களெல்லாம் அந்தக் காணொளியோடு அடங்கிப் போகின்றன. டித்வாவின்போது பல எச்சரிக்கைகள் தமிழிற் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்னும் குற்றச்சாட்டு வெளிப்படையாக எழுந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்களே, ஏட்டில் எழுதியது மழைநாளில் எங்கே போயிற்று? மெய் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வர, பொய் மட்டும் நல்ல தமிழில் வருமானால், தமிழன் எதைக் கேட்பான்?

ஆதலால் உழவனை நாம் குறைகூறோம். விஞ்ஞானிகளின் எச்சரிக்கையைக் கேளாது 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரில் அதனை மீட்டுக்கொண்ட அரசைக் கண்டவன் அவன். அதிகாரத்தின் சொல்லை அவன் ஐயுறுவதில் வியப்பென்ன?

நாம் குறைகூறுவது வெள்ளவத்தையிற் குடியிருக்கும் எம் பொறியியலாளரையும் மருத்துவரையும் பேராசிரியரையுமே. ஹார்ப் கதை பொய்யென்று அவர்கள் அறிவர். காலி வீதித் தேநீர்க்கடையில் ஆங்கிலத்திற் சொல்லிச் சிரிப்பர். அதே காணொளியைத் தம் மைத்துனர் குடும்பக் குழுவில் அனுப்பினால், வீண் மனத்தாங்கல் எதற்கென்று வாளாவிருப்பர். களனி கடலோடு கலக்குமிடத்திற்கு அண்மையிலே, கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் வாழும் தொழிலாளிக்கும், கிளிநொச்சி வயல்காரனுக்கும் விளக்கிச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை.

ஒருவர் செய்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா, வானிலை நிலவரத்தைத் தமிழிலே இடைவிடாது எழுதி வருகிறார். அவர் எழுத்தை வடக்கு, கிழக்கு உழவர் எதிர்பார்த்திருக்கின்றனர். தமிழில் விஞ்ஞானம் சொன்னால் கேட்பாரில்லை என்போருக்கு இதுவே மறுமொழி. ஆனால் ஒரு தேசத்தின் திணைக்களம் செய்யவேண்டியதை ஒரு பேராசிரியர் தனித்துச் சுமப்பது எந்த ஊர் நியாயம்?

வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் தம் எச்சரிக்கைகளை மும்மொழியிலும் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும்; தமிழ் ஆயத்தமாகும்வரை மற்றவையும் வெளிவரலாகாது என்று நாம் கேட்கவில்லை, தமிழறிந்த அலுவலரை இரவும் பகலும் பணியில் வையுங்கள் என்றே கேட்கின்றோம். எம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த பெரும்போகத்திற்கு முன் இதனைச் சபையில் எழுப்பட்டும். வெள்ளவத்தை மண்டபங்களிற் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் எம் தொழில்வல்லார் சங்கங்கள், அச்செலவில் ஒரு பங்கைக் கொண்டு ஐந்து நிமிடத் தமிழ்க் காணொளிகள் எடுக்கட்டும்.