மாலையைக் கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்தால் கம்பம், உத்தமபாளையம் பக்கம் பலருடைய மாலை நேரமே மாறிவிடும். ஆண்டு முழுக்கக் குடித்தவர்கள் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு, குமுளி வழியாக மலைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு சொட்டும் தொடுவதில்லை. மாலையைக் கழற்றியதும் பழையபடி கடை, பழையபடி கூட்டாளிகள். ‘மனசு வச்சா விட்ரலாம், இவருதான் மனசு வைக்கல’ என்று வீட்டில் புலம்புவார்கள். விரதத்தை முழுதாக முடித்தவருக்கு மனசு இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஏலத்தோட்டத்து வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்குகிறவர், அரிசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகத்தான் நினைக்கிறார். டாஸ்மாக் பலகை கண்ணில் பட்டதும் யோசனை முந்துவதற்குள் கால் திரும்பிவிடுகிறது. பல ஆண்டுக் குடி மூளைக்குப் பழக்கிவிட்ட அனிச்சை அது. அறிவுரை அதைத் தொடுவதில்லை. பயிற்சியால் தொட முடியுமா என்றுதான் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக உளவியலாளர் ரைனவுட் வியர்ஸும் அவருடைய சகாக்களும் பார்த்தார்கள்.

ஜெர்மனியில் குடிநோய் மறுவாழ்வு மையம் ஒன்றில் 214 பேர். கணினித் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வரும். கையில் வீடியோ கேமுக்கு வைத்திருப்பதுபோல ஒரு ஜாய்ஸ்டிக். தள்ளினால் படம் சிறுத்துப் பின்னால் போகும், இழுத்தால் பெருத்து முகத்துக்கு நேரே வரும். பயிற்சி பெற்றவர்களுக்கு மதுப் படங்கள் எல்லாமே தள்ள வேண்டியவையாகவும், குளிர்பானப் படங்கள் இழுக்க வேண்டியவையாகவும் வந்தன. நாளுக்குக் கால் மணி நேரம், 4 நாள், அவ்வளவுதான். பிறகு வழக்கமான சிகிச்சை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி இல்லாதவர்களில் 59 சதவீதம் பேர் மறுபடி குடிக்குத் திரும்பியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 46. முடிவு 2011இல் வெளியானது.

அடுத்து 509 பேரிடம் செய்த ஆய்வில் வித்தியாசம் சுமார் 8 சதவீதமாகக் குறைந்தது. 2021இல் வெளியான மெல்போர்ன் ஆய்வு, குடியை நிறுத்தும் முதல் நாட்களிலேயே பயிற்சி கொடுத்தது. இரண்டு வாரம் குடிக்காமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 54.4 சதவீதம், மற்றதில் 42.5. சிகிச்சைக்கே வராமல் வீட்டில் இணையம் வழியாகச் செய்தவர்களுக்கோ தனிப் பலன் எதுவும் தெரியவில்லை. ஆகவே, செல்போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தால் தீர்ந்தது என்று யாரேனும் விற்க வந்தால் நம்ப வேண்டியதில்லை. விட வேண்டும் என்று வந்து உட்கார்ந்தவருக்குச் சிகிச்சையோடு சேரும் துணைக்கருவி இது.

வந்து உட்காருகிறவர்கள்தான் இங்கே குறைவு. 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவதொரு சிகிச்சை பெறுகிறார். மற்றவர்களுக்குக் கயிறு கட்டுவது, சோற்றில் தெரியாமல் மருந்து கலப்பது. பின்னது ஆபத்தானது. காலையில் கை நடுங்குகிற அளவுக்குக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம். மாலை போடுவதற்கு முன் அவர் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

தேனியில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே இப்படியொரு பயிற்சியைத் தொடங்கப் பழைய கணினியும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் போதும். செலவைவிடப் படங்களில்தான் கவனம் வேண்டும். ஜெர்மன்காரரின் பீர்க் கோப்பையைப் பார்த்துச் சின்னமனூர்க்காரரின் கை பரபரக்காது. குவார்ட்டர் பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், பக்கத்தில் பொட்டலம் பிரித்த சுண்டல்: தள்ள வேண்டிய படங்கள் இவை. இழுப்பதற்கு இளநீரும் பன்னீர் திராட்சைச் சாறும் மோரும்.

கூட உட்கார ஆளும் தேவை. கோவாவில் சங்கத் அமைப்பு, மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் குடிப்பவர்களிடம் பேச வைத்தது. அப்படிப் பேசப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டார்கள், மற்றவர்களில் 26. கம்பத்திலும் போடியிலும் இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் உண்டு. மாலை கழற்றுகிற தை மாதத்தில் அவர்கள் வீடு தேடிப் போக வேண்டும்.