கலங்கல் நீரும் கடல் பக்டீரியாக்களும்

களனி கங்கையின் மேற்பகுதிகளில் பெருமழை கொட்டும் நாட்களில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடுகிறது. அதே நாட்களில் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ குழாயைத் திறந்தால் தெளிந்த நீரே வருகின்றது. அதிகாலையில் வுழூச் செய்பவரும் நீராடிக் கோவிலுக்குச் செல்பவரும் அம்பத்தலையில் இந்நீர் எவ்வாறு தெளிந்தது என்பதைப் பற்றி எண்ணுவதில்லை.

ஆற்று நீரிலுள்ள நுண்ணிய களித் துணிக்கைகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால் அவை எளிதில் அடியில் படிவதில்லை. படிகாரம் போன்ற அலுமினிய உப்புகள் அம்மின்னேற்றத்தைத் தணித்து, துணிக்கைகளைத் திரளச் செய்து படிய வைக்கின்றன. எமது முன்னோர் இதே தேவைக்காகவே தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்தனர்.

படிகாரம் நஞ்சு என்று பீதி கிளப்புவது எமது நோக்கமன்று. முறையாக அளவிட்டுப் பயன்படுத்தினால் அது பாதுகாப்பானதே. ஆயினும் அது அலுமினியம் கலந்த சேற்றைப் பெருமளவில் எஞ்ச விடுகின்றது. துணையாகச் சேர்க்கப்படும் பொலிஅக்ரிலமைட் சேர்வைகளில் அக்ரிலமைட் எச்சம் இருக்கக்கூடும் என்பதால், குடிநீரில் அதன் அளவு லீற்றருக்கு 0.5 மைக்ரோகிராமை விஞ்சலாகாது என உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியுள்ளது. இத்தகைய இரசாயனங்களுக்குப் பிற நாடுகளை நம்பியிருப்பதன் விலை என்ன என்பதை, டொலர் வற்றிய 2022 ஆம் ஆண்டு எமக்குப் போதிய அளவு உணர்த்திவிட்டது.

இந்நிலையிலேயே கடல்வாழ் பக்டீரியாக்கள் மீது விஞ்ஞானிகளின் கவனம் திரும்பியுள்ளது. இவற்றுட் பல, தம்மைக் காத்துக்கொள்வதற்கும் பரப்புகளில் ஒட்டிக்கொள்வதற்கும் பல்சக்கரைட்டும் புரதமும் கலந்த பசைப்பொருளைச் சுரக்கின்றன. அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒரே நேரத்திற் பல துணிக்கைகளைப் பற்றிப் பாலமிட்டு இணைக்கின்றன. இப்பொருள் இயற்கையில் உக்கி அழிந்துவிடும். தென்னாபிரிக்காவின் அல்கோவா விரிகுடா அடிப்படிவிலிருந்து பெறப்பட்ட விர்ஜிபசிலஸ் இனப் பக்டீரியா ஒன்று இத்தகைய பொருளைச் சுரப்பதை 2011 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். உப்பு மிகுந்த சூழலில் வாழப் பழகியவை என்பதால், சாதாரண நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும் உவர்க் கழிவுநீரிலும் கடல் பக்டீரியாக்கள் கைகொடுக்கக்கூடும்.

தடையாக நிற்பது செலவே. பக்டீரியாக்களைச் சீனியும் போசணையும் ஊட்டி நொதிகலன்களில் வளர்க்க வேண்டும். கிடைப்பதோ, பெரும்பாலும், லீற்றருக்குச் சில கிராம் மாத்திரமே. படிகாரத்தின் விலையோடு அது போட்டியிடுவது இன்று இயலாது. எனவே உலகின் பல ஆய்வுகள் கரும்புப் பாகு, மீன் பதப்படுத்தும் கழிவு போன்ற மலிவான ஊட்டங்களைத் தேடுகின்றன. பேலியகொடை மீன் சந்தையைக் கடந்து செல்வோருக்கு அந்தக் கழிவுக்கு இங்கு பஞ்சமில்லை என்பதை எவரும் சொல்லத் தேவையில்லை!

நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி முகவரகம் கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், மட்டக்குளி காக்கைத்தீவிலேயே அமைந்துள்ளது. எமது கடற்சேற்றில் வாழும் பக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துச் சோதிக்கும் பணியை அந்நிறுவனமும் பல்கலைக்கழகங்களும் கூட்டாக ஏற்க வேண்டும். ஆனால் குடிநீரில் அவசரப்பட வேண்டியதில்லை. பக்டீரியாக்களுள் நோய் தருவனவும் உள்ளமையால், ஒவ்வொரு பொருளும் தூய்மையாக்கப்பட்டு நீண்ட காலம் பரிசோதிக்கப்பட வேண்டும்.

கழிவுநீரில் தொடங்குவதே உசிதம். வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் இடப்பட்ட குழாய்கள் தலைநகரின் மலக்கழிவைப் பல தசாப்தங்களாகச் சுத்திகரிப்பின்றியே கடலிற் கொட்டின. ஆசிய அபிவிருத்தி வங்கி 2009 இல் அங்கீகரித்த கழிவுநீர் முகாமைத்துவத் திட்டத்தின் பின்னரே இதற்கு மாற்று வழி பேசப்படலாயிற்று. அத்தகைய நிலையமொன்றின் ஒரு தொட்டியை இந்த ஆய்வாளர்களுக்கு ஒதுக்கிக் கொடுப்பதற்குப் பெருங்கடன் எதுவும் வாங்க வேண்டியதில்லை.