அந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும்

ஒரு கையில் பள்ளிப் பை, மறு கையில் துணிப் பை. இதுவரை பார்த்திராத ஒரு வீட்டின் வாசலில் நிற்கும் பதினான்கு வயது மாணவியை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால், அவர்களை எப்படி அழைப்பது? 'ஆண்ட்டி', 'அங்கிள்' என்றா, 'அத்தை', 'மாமா' என்றா? காலையில் எந்தப் பேருந்து பள்ளிக்குப் போகும்? பசித்தால் குளிர்பதனப் பெட்டியைத் தானே திறக்கலாமா? இதையெல்லாம் கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

சிங்கப்பூரில் வளர்ப்புப் பெற்றோர் திட்டம் 1956ஆம் ஆண்டு தொடங்கியது. துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான பிள்ளைகளும், நோய் போன்ற காரணங்களால் பெற்றோர் கவனிக்க முடியாத பிள்ளைகளும் இத்திட்டத்தின்கீழ் வேறொரு குடும்பத்துடன் தங்குகின்றனர். இது தத்தெடுப்பு அன்று. வீட்டுச் சூழல் சீரானதும் பிள்ளை தன் குடும்பத்திடம் திரும்ப வேண்டும் என்பதே நோக்கம்.

பொருத்தமான குடும்பத்தைத் தேடுவது எளிதன்று. வயது, உடல்நிலை, சமயம், உணவு, பள்ளியின் தூரம் என்று பார்க்க வேண்டியவை பல. பதின்ம வயதினரை ஏற்க முன்வருவோரும் குறைவு. ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒரே நாளில் இடம் தேட வேண்டியும் வரலாம். அந்த நேரத்தில் விருப்பங்களை விசாரித்துக்கொண்டிருக்க முடியாதுதான். ஆனால், அவசரம் இல்லாதபோதும் அதே காரணத்தைச் சொல்வது சரியாகாது.

சிறுவர் உரிமைகள் குறித்த ஐக்கிய நாட்டு உடன்பாட்டில் சிங்கப்பூர் 1995இல் இணைந்தது. தன்னைப் பாதிக்கும் முடிவுகளில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்தை மதிக்க வேண்டும் என்கிறது அந்த உடன்பாடு. சிறுவர், இளையர் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, பாதுகாப்பு வயது 16இலிருந்து 18ஆக உயர்ந்தது. பதினேழு வயது இளையரைக் கேட்காமலே அவருக்கு வீடு பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

கேட்பது என்றால், கடையில் பொருளைத் தேர்ந்தெடுப்பதுபோல் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதன்று. எதை இழக்க முடியாது என்று அறிவதே முக்கியம். ஒருவருக்கு அது தம்பியாக இருக்கலாம். இன்னொருவருக்குப் பள்ளிக் காற்பந்துக் குழுவாக இருக்கலாம். மொழியும் அப்படித்தான். தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை, ஆங்கிலம் மட்டுமே புழங்கும் வீட்டில் ஈராண்டு தங்கிய பிறகு, சொந்தப் பாட்டியிடம் பேசச் சொற்களைத் தேட நேரிடும். கருணை மிக்க குடும்பத்திலும் இந்த இழப்பு ஏற்படலாம். வேறு வீடு கிடைக்காவிட்டால், வாரம் ஒரு முறையாவது பாட்டியுடன் தொலைபேசியில் பேச வழி செய்யலாமே!

முன்கூட்டியே வீட்டின் படங்களைக் காட்டலாம். ஒரு வேளை உணவுக்கு அழைக்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. அதன் பிறகும் ஒத்துவராமல் போகலாம். அப்போது யாரிடம் சொல்வது என்பது முதல் நாளே அந்த மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சமூக சேவை ஊழியரின் எண் வளர்ப்புப் பெற்றோரிடம் இருந்தால் மட்டும் போதாது; அவளுடைய கைப்பேசியிலும் இருக்க வேண்டும்.