பழைய பதிப்பும் பாமினிச் சிறையும்

கடந்த மாதம் கோயில் மலருக்கான கட்டுரையொன்றை எடுத்துக்கொண்டு கண்டி நகரிலுள்ள அச்சகமொன்றுக்குச் சென்றிருந்தேன். யுனிகோட்டில் தட்டச்சிட்ட கோப்பு. கணினியின் முன்னிருந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு, "பாமினிக்கு மாத்திக் கொண்டு வாங்க சேர், நம்ம பேஜ்மேக்கர் இத எடுக்காது" என்றார்.

பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். 2004இல் அடோபி நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. யுனிகோட்டில் தமிழ் இடம்பெற்றதோ 1991இலேயே. இலங்கையின் தமிழ் எழுத்துக் குறியீட்டு நியமமான எஸ்.எல்.எஸ். 1326 வந்தது 2008இல். ஆயினும் நாம் இன்னும் பாமினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தம்பியைக் குறை கூற மாட்டேன். அவர் மட்டும் மாறினால், மெய்ப்புப் பார்ப்பவரிடமும் அச்சுத் தட்டு எடுப்பவரிடமும் கோப்பு திறக்காது. எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஒன்றில் பழைய பதிப்போடு நிற்பது மடமையன்று. மென்பொருள் எழுதுவோரும் அதையே செய்கின்றனர். கூகுள் உருவாக்கிய 'கோ' நிரல்மொழி, 2018இல் அறிமுகமான தன் பொதி முறையில், எல்லோரது தேவைக்கும் பொருந்தும் பதிப்புகளுள் மிகப் பழையதையே தெரிந்தெடுக்கிறது.

ஆனால் நண்பர்களே, வேறுபாட்டைக் கவனியுங்கள். அந்த முறையில், ஒரேயொரு பொதி புதிய பதிப்பு வேண்டுமென்று கேட்டால், அதைப் பகிரும் அனைவரும் அதற்கு உயர்த்தப்படுவர். நம்மிடமோ ஒரேயொருவர் மறுத்தால் அனைவரும் கீழே நிறுத்தப்படுகின்றனர். அங்கே பழைய பதிப்பு ஒரு படிக்கட்டு. இங்கே அது சிறை.

இழப்பு என்ன என்று கேட்பீர்கள். பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால் திரையில் தமிழ் தெரியும். கணினியின் உள்ளேயிருப்பதோ ஆங்கிலத்தின் ஜே, கே, பீ, ஓ என்னும் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துருவை நீக்கினால் மொழியே மறைந்துவிடுகிறது. எந்தத் தேடுபொறியும் அதைத் தமிழென்று அறியாது. மலையக மக்களின் மரண அறிவித்தல்கள், தோட்டப் போராட்டச் செய்திகள், கோயில் மலர்களில் முதியவர்கள் எழுதிய ஊர் வரலாறுகள் யாவும் இவ்வாறே புதையுண்டு கிடக்கின்றன. என் இருபதாண்டுக் கட்டுரைகளும் இறுவட்டுகளில் அப்படியே உள்ளன. ரொறன்ரோவிலிருந்து பேரன் ஒருவன் தன் பாட்டனாரின் பெயரைத் தேடினால், அது அங்கே இருந்தும் கிடைக்காது.

மாற்றிகள் உள்ளனவே என்பர். உண்மைதான். ஆனால் இடையே ஆங்கிலச் சொல் ஒன்று வந்தால் மாற்றி அதையும் தமிழாக்கிச் சிதைத்துவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு மனிதர் வாசித்துத் திருத்த வேண்டும். அந்த மனிதர்களும் குறைந்துகொண்டு வருகின்றனர்.

அச்சகங்கள் நாளையே மாற வேண்டுமென்று நான் கேட்கவில்லை. அச்சிடுவதற்குப் பாமினி இருக்கட்டும். அச்சிட்டபின் சேமிக்கும் பிரதி யுனிகோட்டில் இருக்கட்டும். பொதுப் பணத்தில் மலரும் நூலும் வெளியிடும் நிறுவனங்கள் யுனிகோட் கோப்பையும் தரும்படி அச்சக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். அந்த ஒருவர் கேட்டால் மற்றவர்கள் உயர்வார்கள்.

கட்டுரையை அன்று பாமினிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். கூடவே யுனிகோட் பிரதியையும் கொடுத்து, இரண்டையும் சேர்த்து வைக்கும்படி கேட்டேன். தம்பி சிரித்தார்; ஆனால் வைத்துக்கொண்டார்.