எர்த் பின்னைப் புடுங்காதீங்கப்பா

வீட்டுலயே உக்காந்து கிடார் ரெக்கார்ட் பண்றவங்க கூட்டம் நம்ம பக்கமும் பெருகிருச்சு. ராதாபுரம், வள்ளியூர், வடக்கன்குளம்னு எங்க போனாலும் ஒரு லேப்டாப், ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போனோட ஒரு பையன் மாட்டுறான். சர்ச் கொயர்ல கிடார் கத்துக்கிட்டவங்கதான் முக்காவாசி. சந்தோஷமான விஷயம். 1989ல ஏ.ஆர்.ரஹ்மான் வீட்டை ஒட்டி பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஆரம்பிச்ச காலத்துல வீட்டு ஸ்டுடியோங்கிறது எல்லாருக்கும் எட்டுற சமாச்சாரம் இல்லை. இன்னிக்கு ஒரு பழைய பைக் விலைக்குள்ள கடையைத் திறந்துரலாம்.

ஆனா இந்தப் பசங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான். "அண்ணாச்சி, கிடார் ரெக்கார்ட் பண்ணா பின்னாடி உம்ம்ம்னு ஒரு இரைச்சல். எந்த பிளகின் போட்டா போகும்?"

எந்த பிளகினும் போட வேண்டாம்யா. இதுதான் இந்தப் பதிவோட கருத்து, மொதல்லயே சொல்லிடறேன். நாம "டிஜிட்டல் பிரச்சினை"ன்னு திட்டுறதுல பெரும்பாதி கம்ப்யூட்டருக்குள்ள இல்லை, சுவத்துல இருக்கு. பிளக் பாயிண்ட்டுல. இது புரியாம ஒருத்தன் புது இன்டர்ஃபேஸ் வாங்கக் கடன் வாங்குறான், இன்னொருத்தன் எர்த் பின்னைப் புடுங்குறான். கடன் வாங்குனவன் என்னிக்காவது அடைச்சுருவான். நான் கவலைப்படுறது ரெண்டாவது ஆளை நினைச்சுத்தான்.

அசல் டிஜிட்டல் கோளாறுகளை சீக்கிரம் முடிச்சிடறேன், அது அவ்வளவு பெரிய பூதம் இல்லை. பாட்டு திடீர்னு ஸ்லோவாகி சுருதி இறங்கிக் கேட்டா, 48000ல ரெக்கார்ட் பண்ணினதை 44100ல ஓட்டுறீங்கன்னு அர்த்தம். சுமார் ஒண்ணரை ஃப்ரெட் அளவு இறங்கும். மென்பொருள், இன்டர்ஃபேஸ் ரெண்டுலயும் ஒரே எண்ணை வச்சா சரியாயிடும். டிக் டிக்னு இடையில வெட்டினா பஃபர் பத்தலை. 48000ல 128 சாம்பிள்னா 2.7 மில்லிசெகண்ட், 1024னா 21 மில்லிசெகண்ட். வாசிக்கும்போது சின்னதா வைங்க, மிக்ஸ் பண்ணும்போது பெருசா வைங்க, வைஃபையை அணைச்சுப் பாருங்க. கரகரன்னு உடையுதா, அது உள்ள வர்ற லெவல் ஜாஸ்தி. பழைய டேப் காலத்துல மீட்டரை சிவப்பு வரைக்கும் தள்ளுவாங்க, டேப்போட இரைச்சலை அமுக்க அது தேவைப்பட்டுச்சு. 24 பிட்ல கணக்குப்படி 144 டெசிபல் இடம் இருக்கு. உச்சத்துல மைனஸ் 12 தொட்டாப் போதும். சைபரைத் தாண்டினா மட்டும் மன்னிப்பே கிடையாது, உடைஞ்சது உடைஞ்சதுதான்.

அவ்வளவுதான். இது மூணும் செட்டிங் மாத்தினா போயிரும். போகாதது அந்த உம்ம்ம்.

நம்ம ஊர் கரண்ட் 230 வோல்ட், செகண்டுக்கு 50 தடவை அலையுது. இரைச்சல் அந்த 50லயும் அதோட மடங்குகளான 100, 150, 200லயும் உக்காந்துக்கும். ஈக்வலைசர் வச்சு அந்த இடங்களை வெட்டிடலாமேன்னு ஒரு யோசனை வரும். ஆனா ஆறாம் கம்பியில மூணாவது ஃப்ரெட்டை அமுக்கினா வர்ற ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். 100ஐ வெட்டினா அதுவும் சேர்ந்து ஊனமாயிடும். எலி பிடிக்க வீட்டைக் கொளுத்துன கதை.

காத்தாடி மேல பழி போடுறவங்களும் இருக்காங்க :-) பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல்னு சுத்தி இத்தனை காத்தாடி நிக்குது, பக்கத்துல கூடங்குளத்துல ஆயிரம் மெகாவாட் உலை ரெண்டு ஓடுது, அதான் நம்ம ஊர்ல இரைச்சல்னு ஒருத்தர் என்கிட்ட சத்தியம் பண்ணாத குறையா சொன்னார். அண்ணாச்சி, அதே இரைச்சல் மாம்பலத்துலயும் வருது.

எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்க காசு செலவில்லை. கிடாரைக் கையில வச்சுக்கிட்டு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. திரும்பத் திரும்ப சத்தம் ஏறி இறங்குச்சுன்னா அதை உங்க பிக்கப்பே காத்துலேருந்து பிடிக்குது. ஃபேன் ரெகுலேட்டர், மலிவு எல்இடி பல்பு, சைன் வேவ் இல்லாத இன்வெர்ட்டர், இதுங்கதான் வழக்கமான குற்றவாளிகள். ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க. ஒத்தைச் சுருள் பிக்கப்புக்கு இந்த வியாதி பிறவியிலேயே உண்டு. 1955ல கிப்சன் கம்பெனியில சேத் லவர்ங்கிறவர் ரெண்டு சுருளை எதிரெதிரா இணைச்சு ஹம்பக்கர் பண்ணினதே இதுக்காகத்தான். பேர்லயே ஹம் இருக்கு பாருங்க.

சுத்தினாலும் சத்தம் மாறலையா? லேப்டாப் சார்ஜரை உருவிட்டு பேட்டரியில ஓட்டிப் பாருங்க. டக்குனு அமைதியாச்சுன்னா அதுக்குப் பேர் எர்த் லூப். லேப்டாப் ஒரு பிளக் வழியா எர்த்தைத் தொடுது, ஆம்ப் இன்னொரு பிளக் வழியா தொடுது, நடுவுல உங்க கேபிளோட மேல் கவசம் ரெண்டையும் சேர்த்து ஒரு வளையம் ஆக்கிடுது. அதுல ஓடுற துளியூண்டு கரண்ட்டுதான் உங்க ட்ராக்ல உம்முனு உக்காந்திருக்கு.

சரி, வளையத்தை எங்கயாவது வெட்டணும். இங்கதான் நம்ம ஊர் நிபுணர்கள் வர்றாங்க. "ஆம்ப் பிளக்குல மேல தடியா ஒரு பின் இருக்குல்லா, அதக் கழட்டிரு. சத்தம் நின்னுரும்."

நிக்கும். அதான் கொடுமையே. பொய்யான வைத்தியமா இருந்தா எவனும் ரெண்டாவது தடவை செய்யமாட்டான். இது பலிக்குது. அதனாலதான் கல்யாண மண்டபம், கோவில் கொடை, அசனம்னு எங்க பாத்தாலும் அந்தப் பின் இல்லாத பிளக் தொங்குது.

அந்தப் பின் மத்த ரெண்டை விட ஏன் நீளமா இருக்கு? சொருகும்போது அது முதல்ல தொடணும், உருவும்போது கடைசியா விடணும். உள்ள ஏதாவது ஒயர் நைஞ்சு ஆம்ப்போட தகரத்தைத் தொட்டுச்சுன்னா கரண்ட் அது வழியா மண்ணுக்குப் போயிடும், ஃபியூஸ் போகும். அந்தப் பின் இல்லைன்னா தகரம் உயிரோட நிக்கும். தகரத்துலேருந்து கேபிள் கவசம், கவசத்துலேருந்து கிடாரோட பிரிட்ஜ், பிரிட்ஜ்லேருந்து ஆறு கம்பி. உங்க இடது கை அந்தக் கம்பி மேல. உதடு மைக் மேல. மைக் இன்டர்ஃபேஸ் வழியா ஒழுங்கா எர்த் ஆகியிருக்கு. கையிலேருந்து வாய்க்குப் போற வழியில நெஞ்சு இருக்கு.

பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. ஸ்டோன் தி குரோஸ்ங்கிற ஸ்காட்லாந்து குழுவோட கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, 1972 மே மாசம் ஸ்வான்சீ ஊர்ல மேடையில, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு செத்துப்போனார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976ல, மேடையில கூட இல்லை, தன் வீட்டுல கிடார் வாசிச்சுக்கிட்டிருந்தப்போ. காரணம் அதே எர்த். எந்தக் கிடார்ல பேர் பொறிச்சிருக்கோ அந்த லெஸ் பாலே 1941ல தன் அடுக்குமாடி வீட்டு பேஸ்மெண்ட்ல ஷாக் அடிச்சு மயிரிழையில தப்பிச்சார், தேறி வர ரெண்டு வருஷம் ஆச்சு. மூணு பேரும் தொழில் தெரிஞ்சவங்க. ரெண்டு பேருக்கு அது நடந்தது வீட்டுல, நம்மள மாதிரி.

எங்க தெருப் பையன் ஒருத்தன் கிறிஸ்துமஸ் பாட்டு ரெக்கார்ட் பண்ணிக்கிட்டிருந்தான். ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் ஆம்ப்போட பின்னை உருவிக் குடுத்துட்டுப் போயிருக்கார். பாடிக்கிட்டே வாசிக்கும்போது "உதட்டுல ஊசி குத்துன மாதிரி இருக்கு அண்ணாச்சி, மைக்குல ஏதோ கோளாறு"ன்னு வந்து நிக்கான். போய் கம்பி மேல டெஸ்டரை வச்சா செவ செவன்னு எரியுது. "ஏலே, மைக்கு நல்லாத்தாம்ல இருக்கு, செத்துருப்ப"ன்னு பிளக்கை உருவி எடுத்துட்டு வந்துட்டேன். அவன் அம்மா என்னவோ பாட்டைக் கெடுத்துட்டேன்னு ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசலை.

அப்போ இரைச்சலோடதான் வாழணுமான்னா, இல்லை. வளையத்தை வெட்ட வேண்டிய இடம் கரண்ட் ஒயர் இல்லை, சத்தம் போற ஒயர். ரீஆம்ப் பண்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரியில சொன்னா: முதல்ல கிடாரை ஆம்ப் இல்லாம நேரா இன்டர்ஃபேஸ்ல பச்சையா ரெக்கார்ட் பண்ணிக்கறது. அப்புறமா அந்த ட்ராக்கை வெளிய ஆம்ப்புக்கு அனுப்பி, முன்னாடி மைக் வச்சு மறுபடி பிடிக்கறது. நம்ம ஊருக்குன்னே செஞ்ச முறை மாதிரி இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு ஹெட்போன்ல யாரையும் எழுப்பாம வாசிச்சுக்கலாம். மறுநாள் மத்தியானம், பக்கத்து வீட்ல எல்லாரும் வெளிய போனப்புறம், ஆம்ப்பை அலற விடலாம். ஆடிக் காத்து மட்டும் மைக்குல ஊளையிடாம ஜன்னலை அடைக்கணும்.

இதுல லேப்டாப்பும் ஆம்ப்பும் கட்டாயம் ஒரு ஒயர்ல சேரும், அதனால லூப் கட்டாயம் வரும். போதாக்குறைக்கு லைன் அவுட் குடுக்குற லெவலும் தடையும் வேற, கிடார் குடுக்குறது வேற. இது ரெண்டுக்கும் சேர்த்து ஜோ சாட்ரியானியோட ரெக்கார்டிங் இன்ஜினியர் ஜான் கியூனிபெர்ட்டி 1990களில் ரீஆம்ப்னு ஒரு பெட்டி பண்ணினார். உள்ள முக்கியமா ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர். ஒரு சுருள்ல வர்ற சிக்னல் காந்தம் வழியா மறு சுருளுக்குத் தாவும், ஒயர் தொடர்பே கிடையாது. லெவலும் இறங்கும், வளையமும் அறுந்துடும். அந்தப் பெட்டியில இருக்குற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச்சைத் தாராளமா போடுங்க. அது கேபிள் கவசத்தைத்தான் பிரிக்குது, ஆம்ப்போட எர்த்தைத் தொடறதே இல்லை. ரெண்டும் ஒண்ணுதானேன்னு நினைச்சுத்தான் நம்ம ஆளுங்க பின்னைக் கழட்டுறாங்க.

பெட்டி வாங்க முடியலையா? ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்குற பேசிவ் டிஐ பாக்ஸ் கிடைச்சா திருப்பிப் போட்டு ஓட்டலாம். அப்படிப் போட்டா லெவலை அது ஏத்திவிடும், அதனால இன்டர்ஃபேஸ் வால்யூமைக் கீழ இறக்கி வச்சுட்டு ஆரம்பிங்க. அதுவும் இல்லையா, எல்லாத்தையும் எர்த் நல்லா இருக்குற ஒரே பிளக் பாயிண்ட்டுலேருந்து எடுங்க, ரீஆம்ப் பண்ற அஞ்சு நிமிஷம் லேப்டாப்பை பேட்டரியில விடுங்க. பாதிப் பேருக்கு இதுலயே வேலை முடிஞ்சுரும்.

அந்த "எர்த் நல்லா இருக்குற"ங்கிற வார்த்தைலதான் நம்ம பக்கத்துக்கு சிக்கல். தேரிக்காட்டு செம்மண், மணல், வருஷத்துல பாதி நாள் காஞ்சு கிடக்கும். காஞ்ச மண்ணுல கரண்ட் இறங்காது. வீடு கட்டுனப்போ உப்பும் கரியும் போட்டு எர்த் குழி வெட்டியிருப்பாங்க, அதுக்கப்புறம் அந்தக் குழி எங்க இருக்குன்னே வீட்டுல யாருக்கும் தெரியாது, மேல சிமெண்ட் பூசியாச்சு. பழைய வீடுகள்ல மூணு ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. வயர்மேனைக் கூப்பிட்டு சோதிக்கச் சொல்லுங்க. நீங்களா பல்பை வச்சு சோதிச்சுப் பாக்காதீங்க. கோடையில குழிக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. மெயின் போர்டுல 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு போடச் சொல்லுங்க. கசிவு வந்தா ஃபியூஸ் போறதுக்கு ரொம்ப முன்னாடியே, கண்ணிமைக்கிற நேரத்துல வெட்டிவிடும்.

என்னைக் கேட்டா காசு செலவழிக்க வேண்டிய வரிசை இது: முதல்ல எர்த் குழியும் ஆர்சிசிபியும், அப்புறம் ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டி, கடைசியாத்தான் புது இன்டர்ஃபேஸ். குழியைப் படம் எடுத்துப் போட்டா யாரும் லைக் போட மாட்டாங்கதான், என்ன பண்றது.

பி.கு: ரீஆம்ப் பண்ணின ட்ராக் மூலத்தை விட சில மில்லிசெகண்ட் பிந்தி வரும். ரெண்டையும் சேர்த்து ஓட்டினா சத்தம் ஒல்லியாக் கேக்கும். பெருசாக்கிப் பார்த்து நகர்த்தி வைங்க. இன்னொண்ணு, ஆம்ப்போட ஸ்பீக்கர் அவுட்டை நேரா இன்டர்ஃபேஸ்ல சொருகிடாதீங்க. புகை வந்தப்புறம் என்ன பிளகின் போடலாம்னு கேட்டா என்கிட்ட பதில் கிடையாது.