நாற்பது நோட்டிலும் ஒரே விடை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் புத்தகத்தைத் திறந்துவைத்தே தேர்வெழுதும் முறைக்கு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சி.பி.எஸ்.இ.) ஆட்சிக்குழு 2025-இல் ஒப்புதல் அளித்தது. 2026-27 கல்வியாண்டிலிருந்து அதை நடைமுறைப்படுத்தத் திட்டமிடப்பட்டது. மனப்பாடம் ஒழிந்தது என்று பெற்றோர் நிம்மதி அடைவதற்கு முன், வளைகுடாவில் உள்ள இந்தியப் பள்ளிகள் பலவற்றின் ஆங்கில வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வாசிக்கவே சொல்லித்தராத பிள்ளைக்குப் புத்தகம் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? அந்த நிலையைக் கண்டித்தே இக்கடிதம்.

குவைத்தின் மங்காஃபில் ஒரு பிளஸ் டூ மாணவியின் ஆங்கில நோட்டைப் புரட்டினால் போதும். எழுத்தாளர் பாமாவின் ‘கருக்கு’ தன்வரலாற்று நூலிலிருந்து எடுத்த பகுதி அவளுக்குப் பாடமாக இருக்கிறது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளியிலிருந்து வீடு திரும்புகிறாள். பத்து நிமிட நடைதான். வழியில் குரங்கு வித்தை, பாம்பாட்டி, கோயில், கடைகள் என்று வேடிக்கை பார்த்துப் போவதால் அரை மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. அப்போது பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருக்கும் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய் ஊர் நிலக்காரரிடம் நீட்டுகிறார். சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னால் அண்ணன் சிரிக்கவில்லை. தங்கள் சாதியினரின் கை பட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று அவன் விளக்கியதும் அவளுடைய சிரிப்பு கோபமாக மாறுகிறது.

மாணவியின் நோட்டில் இந்தச் சிரிப்பு இல்லை. கடைத்தெரு வேடிக்கையும் இல்லை. தீண்டாமையின் கொடுமையைப் பாடம் விளக்குகிறது என்று தொடங்கும் ஒரு சுருக்கமும், வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய கேள்வி பதில்களும் இருக்கின்றன. பக்கத்துப் பெஞ்சில் இருப்பவளின் நோட்டிலும் அதே வாக்கியங்கள்தான். கிளாஸ் டெஸ்டில் சொந்தமாக ஒரு வரி சேர்த்தால் அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி விழுகிறது.

அந்தச் சிறுமி ஏன் முதலில் சிரித்தாள்? பொட்டலம் வருவதற்கு முன் பாமா ஏன் தெருவை அவ்வளவு நேரம் காட்டுகிறார்? இவற்றைக் கேட்காமல் அந்தப் பாடத்தைப் படித்ததாகச் சொல்ல முடியாது. அடுக்குமாடி வாசலில் ஸ்கூல் பஸ் ஏறிப் பள்ளி வாசலில் இறங்கும் மங்காஃப் பிள்ளைகள் பலர் அப்படி ஒரு கடைத்தெருவில் தனியாக நடந்ததே இல்லை. அவர்களுக்குத்தான் இந்தக் கேள்விகளைப் பற்றிய பேச்சு மிகவும் தேவை. தயார் விடைகள் கொண்ட கைடு முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான்.

தமிழ்ப் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிளஸ் டூ ஆங்கிலப் பாடநூல்களில் கல்கியின் ‘புலி ராஜா’ கதை மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ஜெமினி ஸ்டூடியோ நாட்களைப் பற்றி அசோகமித்திரன் ஆங்கிலத்திலேயே எழுதிய கட்டுரை இருக்கிறது. கல்கியின் கதையில் சோதிடர் எச்சரித்ததால் ராஜா சுட்டே ஆக வேண்டிய நூறாவது புலி எங்கும் அகப்படாமல் போகவே, சென்னை பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்து ஒரு கிழட்டுப் புலியைத் தருவித்துத் திவான் தன் வீட்டில் ஒளித்து வைக்கிறார். கல்கி இங்கே யாரைக் கேலி செய்கிறார்? ராஜாவையா, திவானையா, சோதிடத்தையா, வெள்ளைக்கார அதிகாரிகளையா? வகுப்பு முழுவதும் சண்டை போட்டுப் பேச வேண்டிய கதை இது. அதையும் ஐந்து வரிச் சுருக்கமாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பள்ளிகளைக் கேட்டால் காரணம் தயாராக இருக்கிறது. வாரியத் தேர்வில் விடைக்குறிப்பில் உள்ளதை எழுதினால்தான் மார்க் என்பார்கள். அது உண்மையல்ல. விடைத்தாள் திருத்துவோருக்கு சி.பி.எஸ்.இ. தரும் அறிவுரையே வேறு. விடைக்குறிப்பில் இருப்பவை பரிந்துரைக்கப்பட்ட கருத்துகள் மட்டுமே. மாணவர் தம் சொந்த நடையில் எழுதலாம். அது சரியாக இருந்தால் உரிய மதிப்பெண் தர வேண்டும் என்கிறது வாரியம். வாரியம் கொடுத்த இந்த உரிமையை வகுப்பறை பிடுங்கிக்கொள்கிறது. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. வகுப்பில் பிள்ளைகள் அதிகம், பாடத்தை முடிக்க நெருக்கடி, ரிசல்ட் குறைந்தால் நிர்வாகத்தின் கேள்வி. இத்தனைக்கும் நடுவில் டிக்டேஷன்தான் அவர்களுக்குப் பாதுகாப்பான வழியாகத் தெரிகிறது.

புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் முறை வாரியத்துக்குப் புதிதுமல்ல. 2014-இல் ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பின் சில பாடங்களிலும் இதைக் கொண்டுவந்தார்கள். வாசிக்க வேண்டிய பகுதிகள் சில மாதங்கள் முன்பே பள்ளிகளுக்கு வந்துவிடும். மாணவர்கள் அவற்றை அலசி, விவாதித்துவிட்டு வந்து எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. சிந்தித்து ஆராயும் திறனை அது வளர்க்கவில்லை என்று சொல்லி 2017-இல் வாரியமே கைவிட்டது. பழைய முறை தோற்ற காரணத்தைச் சரிசெய்யாமல் அதே கதவைத் திரும்பத் திறப்பதில் என்ன பயன்?

வாரியத்தின் சொந்த வாசிப்பும் தடுமாறியிருக்கிறது. 2021 டிசம்பர் 11 அன்று நடந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் ஒரு பத்தி வந்தது. மனைவிக்குக் கிடைத்த விடுதலையால் பிள்ளைகள்மேல் பெற்றோருக்கு இருந்த அதிகாரம் குலைந்தது என்று அது சொன்னது. நாடாளுமன்றத்தில் சோனியா காந்தி கண்டனம் எழுப்பினார். டிசம்பர் 13 அன்று வாரியம் அந்தப் பத்தியையும் கேள்விகளையும் நீக்கி, அவற்றுக்கு முழு மதிப்பெண் அறிவித்தது. அந்தத் தேர்வு ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்பும் தேர்வு. பத்தியைப் படித்துக் கோபப்பட்ட மாணவிக்குத் தன் மறுப்பை எழுத அதில் ஒரு வரிகூட இடமில்லை. முழு மதிப்பெண் கொடுத்ததோடு விஷயம் முடிந்தது. அந்தப் பத்தியை எப்படி எதிர்த்து வாசிப்பது என்பது எந்த வகுப்புக்கும் பாடமாகவில்லை.

தவறாக வாசிப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்குப் பழைய உதாரணம் உண்டு. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதித்தரச் சொன்னார். நன்கு படித்த மாணவர்களே தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றங்களை வகைப்படுத்தி 1929-இல் அவர் வெளியிட்ட நூல்தான் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் முறையையே மாற்றியது. நம் பக்கமோ, பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பிசா தேர்வின் 2009 சுற்றில் கலந்துகொண்ட தமிழ்நாட்டின் வாசிப்புச் சராசரி 337. அதை நடத்தும் ஓ.இ.சி.டி. அமைப்பின் நாடுகளின் சராசரி 493. அடுத்து வந்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை.

எனவே சில கோரிக்கைகள். துபாயில் 2024-இல் தொடங்கிய சி.பி.எஸ்.இ. மண்டல அலுவலகம், வளைகுடாப் பள்ளிகளின் ஆங்கில நோட்டுகளை நேரில் பார்வையிட வேண்டும். சொந்த நடைக்கும் மதிப்பெண் உண்டு என்ற அறிவுரையைச் சுற்றறிக்கையாக ஒவ்வொரு பெற்றோருக்கும் அனுப்ப வேண்டும். மாதத்துக்கு ஒரு முறையாவது, எந்தக் கைடிலும் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து மாணவர்களை எழுதவிட வேண்டும். அதற்கு மாதிரி விடை தரக்கூடாது. நேர்எதிரான இரண்டு விடைகளும் பத்தியின் வரிகளைக் காட்டி வாதிட்டால் இரண்டுக்கும் மதிப்பெண் தர வேண்டும். இதற்கான நேரத்தை நிர்வாகங்கள் ஆசிரியர்களுக்கு ஒதுக்க வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்கில் எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன், நாற்பது பிள்ளைகளின் நோட்டிலும் ஒரே விடை எப்படி வந்தது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மங்காஃப், குவைத்.