மறுநாளே காலை ஊன்றட்டும்

ட்ரோகேன்டர் பகுதியில் உறுதியற்ற முறிவு கண்ட முதியவருக்கு அறுவை சிகிச்சை செய்துவிட்டு, ‘மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது’ என்று எழுதி அனுப்பும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. இதை நாம் கைவிட வேண்டும். எண்பது வயதில் ஒற்றைக் காலில் எடை தாங்கி வாக்கரில் நடக்க எத்தனை பேரால் முடியும்? ஊன்ற விடாவிட்டால் அவர் படுக்கையில்தான் கிடப்பார். நிமோனியா, ரத்த உறைவு, படுக்கைப்புண் எல்லாம் அங்கிருந்தே தொடங்குகின்றன. இடுப்பு முறிவுக்குப் பின் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறக்கிறார்கள்.

ஆகவே, மறுநாள் முழு எடையையும் தாங்கும்படி எலும்பைப் பொருத்துவதே நம் இலக்கு. உட்புறப் பின்சுவர் நொறுங்கியிருந்தாலோ, முறிவுக்கோடு தலைகீழாகச் சரிந்திருந்தாலோ, வெளிச்சுவர் மெலிந்திருந்தாலோ டைனமிக் ஹிப் ஸ்க்ரூ தலைத்துண்டை அளவுக்கு மீறிச் சரியவிடும், கால் குட்டையாகும். பாம் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஸ்க்ரூ பொருத்தியவர்களில் வெளிச்சுவர் உடைந்தோரில் 22 சதவீதத்தினருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. உடையாதோரில் 3 சதவீதத்தினருக்கே. இத்தகைய முறிவுகளுக்கு நெயிலே உகந்தது.

ஆனால் நெயில் எலும்பை நேராக்கித் தராது. ரீமரைக் கையில் எடுக்குமுன் ரிடக்‌ஷன் முடிந்திருக்க வேண்டும். சி-ஆர்மில் இரு கோணங்களிலும் பாருங்கள். வேரஸ் துளியும் கூடாது. லேசான வால்கஸ் நல்லது. தலைத்துண்டின் முன்-உட்புறச் சுவர் தண்டெலும்புக்குள் புதைந்திருக்கக் கூடாது. இழுவையில் சேராவிட்டால் சிறு கீறல் வழியே நெம்பிச் சேர்க்கத் தயங்க வேண்டாம். நுழைவிடம் வெளிப்பக்கம் விலகினால் நெயில் இறங்கும்போதே வேரஸ் வந்துவிடும். லேக் ஸ்க்ரூவின் டிப்-அபெக்ஸ் தூரம் 25 மி.மீ.க்குள் இருக்கட்டும்: பாம்கார்ட்னர் 1995இல் ஆராய்ந்தவற்றில், அந்த அளவுக்குள் இருந்த 120 ஸ்க்ரூக்களில் ஒன்றுகூடத் தலையைத் துளைத்து வெளிவரவில்லை.

காலதாமதமும் நம் கையில்தான் இருக்கிறது. அனுமதித்த அன்றோ மறுநாளோ அறுவை என்கிறது 2011ஆம் ஆண்டின் பிரிட்டன் நைஸ் வழிகாட்டி. 2020இல் வெளியான ஹிப் அட்டாக் ஆய்வில் விரைந்த அறுவை இறப்பைக் குறைக்கவில்லை. ஆனால் மனக்குழப்பம் குறைந்தது, நோயாளிகள் சீக்கிரம் எழுந்தார்கள். சிகிச்சைத் திட்டத்தை மாற்றப்போகாத ஓர் எக்கோவுக்காக நோயாளியை நாள்கணக்கில் இழுவையில் கிடத்துவது நியாயமல்ல.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் மூன்று வரிகள் கட்டாயம் இருக்கட்டும்: டிப்-அபெக்ஸ் தூரம், ‘முழு எடை ஊன்றலாம்’ என்ற அனுமதி, எலும்புத் தேய்வுக்கான மருந்து. அந்த இரண்டாம் வரியை எழுதக் கை தயங்கினால், தயக்கத்தின் காரணத்தை நோயாளியின் வயதில் தேடாமல் நம் ரிடக்‌ஷனில் தேடுவோம்.